மூன்றாம் நம்பர் கட்டில்

1937 அக்டோபர் 4

மலாக்காவில் வக்கீல் என்று பலகை மாட்டி இன்றோடு ஏழு மாதம். நடத்திய வழக்கு ஒன்றே ஒன்று: சைக்கிள் ஏறிச் செத்த வாத்து. அதிலும் தோல்வி. வாத்துதான் குறுக்கே வந்ததாம். அன்றிலிருந்து ஜானகி என்னை "வாத்து வக்கீல்" என்கிறாள். கட்டிய பெண்டாட்டியே இப்படி என்றால் ஊர் சும்மா இருக்குமா?

அக்டோபர் 6

வழக்கு வந்துவிட்டது!

பெம்பானுக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள், பெயர் குஞ்சம்மா. இடுப்பில் மகளோடு வந்தாள். காய்ச்சலில் நான்கு நாள், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டிலேயே கிடந்திருக்கிறாள். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆளைக் காணோம். "தோட்டத்துல ஆஸ்பத்திரி இருக்கு, அங்கயும் போகல, சோம்பேறி" என்று இருளாண்டி கங்காணி தோட்டத்துத் துரையிடம் வத்தி வைத்துவிட்டார். பெயரை வெட்டிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

"ஏம்மா ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"போனேன்லா ஐயா. ஆறு கட்டில்லயும் கங்காணி ஆடு. மூணாம் நம்பர்ல கெடா. மைனருன்னு பேரு. எறங்குன்னா முட்ட வருது. நான் எங்க படுக்க?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"வேல போனாக்கூடப் போவுது. லயம் போனா இந்தப் புள்ளைய எங்கய்யா படுக்க வைப்பேன்?"

சிரித்தது வெட்கமாகப் போய்விட்டது. இதை ஜெயித்தே ஆக வேண்டும்.

அக்டோபர் 7

ஜானகியிடம் சொன்னேன். "வாத்துலேருந்து ஆடு. முன்னேற்றந்தான்" என்றாள்.

அக்டோபர் 13

கூலிகள் புகாரை விசாரிக்கும் லேபர் ஆபீசருக்கு மனுப் போட்டிருந்தேன்; பதில் கடிதம் வந்தது. இருபதாம் தேதி நேரில் பார்க்க வருகிறாராம். ஆஸ்பத்திரி ஒழுங்காக நடக்கிறது என்று அவர் நம்பிவிட்டால் குஞ்சம்மாமேல்தான் தப்பு. நடக்கவில்லை என்று தெரிந்தால் அவள் பெயரைத் திரும்ப எழுதியாக வேண்டும்.

இதே கடிதம் தோட்டத்துக்கும் போயிருக்கிறதாம். அட, தேதி சொல்லிவிட்டா சோதனைக்குப் போவார்கள்?

அக்டோபர் 19

வாதம் எழுதி முடித்தேன். பதினான்கு பக்கம். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்ததில் மூன்று இடங்களில் எனக்கே கண் கலங்கியது. ஜானகிக்குக் கொட்டாவி.

அக்டோபர் 20

 வரிசையாக எழுதுகிறேன்.

கறுப்புக் கோட்டில் வேர்த்து வடிந்து போய்ச் சேர்ந்தால் — ஆஸ்பத்திரி கல்யாண வீடு மாதிரி! சுண்ணாம்பு அடித்து, பினாயில் தெளித்து, ஆறு கட்டிலிலும் ஆறு நோயாளி. எல்லாரும் நேற்றுவரை பால் வெட்டிய முரட்டு ஆட்கள். கழுத்துவரை போர்வை. ஆட்டுப் புழுக்கை ஒன்றுகூட இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன், மானம் போக.

ஆபீசர் வெள்ளைக்காரர். மதராஸில் முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். "உமக்கு யாது நோய்?" என்று முதல் கட்டிலைக் கேட்டார்.

"வயித்துவலிங்க தொரே."

இரண்டாவதும் வயிற்றுவலி. மூன்றாவது அப்புசாமி என்பவன், அவனுக்கும் வயிற்றுவலி. ஆறும் அதே! கங்காணி வேறு நோய் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. ஆபீசர் தலையாட்டி எழுதிக்கொண்டார். தண்ணீர் கெட்டிருக்கலாமாம்.

குஞ்சம்மா வாசலில் நின்று என்னையே பார்த்தாள். போச்சுடா, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வாதத்தை மேசைமேல் விரித்துத் தொண்டையைக் கனைத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது.

ஆடு என்றைக்கு மழையில் நின்றிருக்கிறது? கங்காணி எங்கோ தோப்புக்குள் மறைத்துக் கட்டியிருந்தாராம். கயிற்றை அறுத்துக்கொண்டு ஆறும் ஓடி வந்து உள்ளே நுழைந்தன. முட்டவில்லை, மோதவில்லை. அதது அதன் கட்டிலுக்குப் போயிற்று. மைனர் மூன்றாம் நம்பர்மேல் ஒரே தாவு.

அப்புசாமி போர்வையை உதறிவிட்டு எழுந்து கத்தினான்: "யோவ் மைனரு, எறங்குய்யா! இன்னிக்கு ஒரு நாளு கட்டிலு எனக்குத்தான்னு கங்காணி சொல்லிட்டாருலா!"

 ஆபீசர் மெல்லக் கேட்டார்: "இவ்விலங்குகள் எவருடையவை?"

கங்காணி கூரையைப் பார்த்தார். அதற்குள் மைனர் இறங்கிப் போய்க் கங்காணியின் வேட்டியை மோந்து பார்த்து, அவர் காலடியில் படுத்துவிட்டது. பெற்ற பிள்ளைகூட அப்படிக் காட்டிக் கொடுக்காது.

பதினான்கு பக்கம் எழுதி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிப் பார்த்தால் நான்கு பக்கத்தைக் காணோம். இன்னொரு ஆடு தின்றுகொண்டிருந்தது. கண் கலங்கும் பக்கங்கள்.

அக்டோபர் 28

உத்தரவு வந்தது. குஞ்சம்மா பெயரைத் திரும்ப எழுத வேண்டும்; லயத்து வீடு அவளுக்கே; ஆடுகள் வெளியே.

ஜானகி பக்கத்து வீட்டு மங்களத்திடம் சொல்வது காதில் விழுந்தது: "எங்க வூட்டுக்காரரு ஆட்டு கேஸ்ல ஜெயிச்சாருலா." குரலில் பெருமை! சத்தியமாகப் பெருமை.

நவம்பர் 3

தெருவில் "ஆட்டு வக்கீல்" என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். எனக்கு வெட்கமே இல்லை.

1938 பிப்ரவரி 11

அதே தோட்டத்தில் இன்னொரு வழக்கு. போன இடத்தில் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நம்பர் கட்டிலில் குஞ்சம்மா. மறுபடி காய்ச்சல். நல்ல தூக்கம், அவள் கால்மாட்டில் மகளும் சுருண்டு தூங்கினாள். கணக்கு எழுதும் கிராணியிடம் பெரட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே "ஆஸ்பத்திரி" என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தால் மரத்தடியில் மைனர். கட்டில் போன கோபம் இன்னும் தீரவில்லை. என்னைப் பார்த்து ஒரு கத்தல். அவன் சாட்சிக்கு நான் ஒன்றுமே கொடுக்கவில்லையே?

பழைய வாதத்தில் மிச்சம் பத்துப் பக்கம் பையில் இருந்தது. ஒவ்வொன்றாக நீட்டினேன். பத்தையும் தின்றான்.