பாற்போத்தலுக்குள் இரும்பு

07.02.2006, செவ்வாய்
எங்கள் பகுதி எல்லிங்ஸ்ருட் முழுக்க வழுக்கும் பனி. விழாமல் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததே இன்றைய சாதனை. குழந்தைகளை நிறுத்துப் பார்க்கும் சுகாதார நிலையத்தில் மூன்று தமிழ்த் தாய்மாருக்கு மொழிபெயர்த்தேன். தூரில் என்ற தாதி மூவருக்கும் சொன்னது ஒன்றுதான்: பாலைக் குறையுங்கள், சாப்பாட்டைக் கூட்டுங்கள். துசாந்தினி என்ற பெண் மகனின் கன்னத்தைக் கிள்ளிக் காட்டி, “இவனைப் பாத்தால் போசாக்கில்லாத பிள்ளை மாதிரியே கிடக்கு?” என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். சொன்னது தூரில், வாங்கிக் கட்டியது நான்.

09.02, வியாழன்
என் மகள் நோராவின் பதினைந்து மாதப் பரிசோதனை. நல்ல நிறை. பெருமையாக நின்றேன். தூரில் கீழிமையை இழுத்துப் பார்த்தார், விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். ஈமோகுளோபின் 8.4. குறைந்தது பதினொன்று வேண்டுமாம்.

ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் பால் என்று கேட்டார். ஐந்து... சரி, ஆறு. பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறும் மீனும் எங்கே போகும்? கிழமைக்குப் பத்துத் தரம் இதைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்!

இரும்புச்சத்துத் துளிமருந்து தந்தார்கள். ஆறு கிழமையில் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரி. வெட்கமாக இருக்கிறது. பயம் அதைவிட.

12.02, ஞாயிறு
இனி இரண்டு போத்தல் மட்டும். என் கணவர் பேனாட்டுக்கு இரவு வேலை. பகலில் பிள்ளை அவரோடு. அதனால் மருந்து அவர் பொறுப்பு. போத்தல் கேட்டு நோரா அழுதாள், நானும் அழுதேன். பேனாட் குசினிக்குள் ஒளித்து நின்றார்.

01.03
விபூதிப் புதன். நாங்கள் ஒருசந்தி நோன்பு. நோராவும் ஒருசந்திதான் போல — மீனைத் துப்பிவிட்டாள்.

23.03, வியாழன்
8.5. ஆறு கிழமை மருந்துக்கு இவ்வளவுதானா?

மருந்தை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று தூரில் கேட்டார். பேனாட் பெருமையாகவே சொன்னார்: “பாலுக்குள்ள கலந்துதான். ஒரு துளியும் வீணாப் போகேல்லை.”

நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். பாலோடு கொடுத்தால் இரும்பு உடம்பில் சேராது. எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பேன்! வீட்டில் சொன்னேனா?

பஸ்சில் சண்டை. “நீர் எனக்குச் சொல்லேல்லையே, இமெல்டா.” “நீங்கள் கேக்கேல்லையே.” பிறகு மெல்ல, “பிள்ளைக்கு நல்லதெண்டுதானே செய்தனான்” என்றார். என் பிழைதான். மனுசன் என்ன செய்யும்?

ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதை நான்கு கிழமை தள்ளிவைத்திருக்கிறார்கள். மருந்து இனித் தோடம்பழச் சாற்றோடு, புளிப்போடு போனால் இரும்பு நன்றாகச் சேரும். பால் இரண்டு மணித்தியாலம் தள்ளி.

02.04
மருந்தைத் துப்பினாள். பேனாட்டின் வெள்ளைச் சேர்ட் இனி வெள்ளை இல்லை.

09.04
ஈரல் விழுது பூசிய பாண் இரண்டு துண்டு! தானாகவே கேட்டுச் சாப்பிட்டாள். நான் மூச்சுக்கூட விடவில்லை.

20.04, வியாழன்
10.2! ஆஸ்பத்திரி வேண்டாம். தூரில் என்னைக் கட்டிப்பிடித்தார். வெளியே வந்தால், முன்பின் தெரியாத ஒரு பாகிஸ்தான் தகப்பனுக்குப் பேனாட் பாலைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

07.05, ஞாயிறு
பூசை நடுவில் நோரா நழுவி, பீடத்தின் படிவரை ஓடினாள். பிடித்து வந்து இருத்தினால், மறுபடி ஓட்டம்.

பின்வரிசை மேரியம்மா அக்கா குனிந்து, “முந்தி எவ்வளவு அமைதியான பிள்ளை, என்ன நடந்தது?” என்றா.

நாங்களும் அந்த அமைதியை அவள் குணம் என்றுதான் நினைத்தோம். குழப்படியே இல்லாத பிள்ளை என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தோம். என் பிள்ளை இரத்தம் குறைந்து களைத்துப்போய் இருந்திருக்கிறாள்.

பேனாட் பிடிக்க எழும்பினார். கையைப் பிடித்து இருத்தினேன்.

“விடுங்கோ. ஓடட்டும்.”