தலையணை உறையில் லோந்தோங்

அன்பு மகன் தர்முஜிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் நலம். நடுக்கடலில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ, அல்லாஹ்தான் அறிவான். முன்பு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. உன்னைக் கப்பலுக்கு அனுப்பிய ஆபீசில் போய்க் கேட்டால், "காத்திருங்க ஐயா, மீன் கப்பலுக்குத் தபால் எப்பப் போவும் எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது" என்கிறார்கள். உட்கார நாற்காலி மட்டும் நல்லதாகப் போடுகிறார்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. பெகாலோங்கான் வீட்டை விட்டுவிட்டோம். முன்பெல்லாம் பௌர்ணமிக்கு விருந்தாளி போல வந்துபோன கடல் தண்ணீர், இப்போது குடித்தனமே வந்துவிட்டது. கட்டிலுக்குச் செங்கல் வைத்து வைத்து, கடைசியில் முகட்டில் தலை இடித்தது. இப்போது பண்டுங்கான் மலையில் உன் பெரியம்மா வீட்டுப் பின்கட்டில் இருக்கிறோம். இங்கே குளிர். உன் அம்மா என் சட்டையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

இனி உன் பாம்பைப் பற்றி. லோந்தோங்கையும் கொண்டுவந்தோம். மலைப்பாம்புக்குச் சோற்றுக்கட்டியின் பெயரை வைத்துவிட்டு நீ கப்பலேறிவிட்டாய். பாம்பப்பன் என்ற பட்டம் எனக்கு வந்தது.

போகும்போது நீ படித்துப் படித்துச் சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. தலையணை உறையில் விட்டு வாயைக் கட்டினேன். துளை போட்ட டப்பாவில் வைத்தேன். டிக்கியில் போடவில்லை, பின்சீட்டில் வைத்து பெல்ட்டும் மாட்டினேன். கார் உன் கஸ்மான் மாமாவுடையது. "மச்சான், எங்கக்காவுக்கு ஒரு நாளாவது பெல்ட்டு மாட்டிவிட்டிருக்கீங்களா?" என்று அவன் கேலி செய்தான். ஏசியைக் குறைக்கச் சொன்னதற்கும் முனகிக்கொண்டே குறைத்தான். பயணத்துக்கு முன்னால் நாலைந்து நாள் இரை கொடுக்கக் கூடாது என்றாயே, அதையும் உன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

ஆனால் கிளம்புகிற அன்று காலை நான் பாய் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் அதற்கு ஓர் எலியைக் கொடுத்துவிட்டாள். நல்ல கொழுத்த எலி.

அலாஸ் ரோபான் காட்டு வளைவுகளில் கார் திரும்பத் திரும்ப, டப்பாவுக்குள் சத்தம் கேட்டது. பிறகு நாற்றம். கஸ்மான் ஓரம் கட்டினான். உறையைத் திறந்தால், விழுங்கிய எலி அப்படியே வெளியே கிடந்தது. லோந்தோங் துணி மாதிரித் தொய்ந்து கிடந்தது. "காட்டு உசுரு தானே மச்சான், இந்தத் தேக்குக் காட்டுலயே விட்டுருங்க. புண்ணியமாப் போவும், என் சீட்டும் பொழைக்கும்" என்றான் அவன். வண்டி அவனுடையது. உறையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

உன் அம்மா இறங்கி வந்தாள். இத்தனை நாள் அதை விரலால்கூடத் தொடாதவள், வேறோர் உறையில் அதை எடுத்து விட்டு, மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். "விடுறதா இருந்தா என்னையும் இங்கயே எறக்கி விட்டுட்டுப் போடா" என்றாள். கஸ்மான் வண்டியை எடுத்தான்.

ஏன் எலியைக் கொடுத்தாய் என்று கேட்டேன். "ஊரு விட்டு ஊரு போற உசுர வெறும் வயித்தோடயா ஏத்தி விடுறது? நம்ம வீட்டுல யாரை அப்படி அனுப்பியிருக்கோம்?" என்றாள். அம்பாராவா ஊருக்குள் நுழையும்போது உன்னை நினைத்து மெதுவாகக் கேட்டாள்: "அன்னைக்கு அவனையும் மூணு தட்டு சாப்பிட வெச்சுத்தானே அனுப்பினேன். வழியில வாந்தி எடுத்தான். எடுத்தாலும் நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டான், இல்லீங்க?" ஆமாம் என்றேன். வேறென்ன சொல்லச் சொல்கிறாய்?

இங்கே பாம்பு வளர்க்கும் ஒரு பெண்மணி வந்து பார்த்தார். தொண்டை வெந்திருக்கும், ரெண்டு வாரம் போகட்டும், இரையைக் காட்டவே வேண்டாம், சூடாக வையுங்கள், தண்ணீர் மட்டும் போதும் என்றார். பிழைக்குமா என்று கேட்டதற்கு, "காத்திருங்க ஐயா" என்றார். யாரைக் கேட்டாலும் எனக்கு இந்த ஒரே சொல்தான் கிடைக்கிறது.

டப்பாவின் அடியில் பாதிக்குச் சூட்டு விரிப்பு போட்டிருக்கிறோம். பாம்புக்கு இமை இல்லையே, தூங்குகிறதா போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாக்கு ஒரு தரம் வெளியே வந்துபோகும் வரை நாங்கள் இருவரும் அசையாமல் குந்தியிருக்கிறோம். நேற்று வந்தது. இன்று இன்னும் வரவில்லை. உன் அம்மாவுக்கோ, பட்டினி கிடக்கிற ஓர் உயிரைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுதான் தாங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, தர்முஜி.

பழைய வீட்டுச் சுவரில், தண்ணீர் எட்டாத உயரத்தில், இந்த விலாசத்தைச் சுண்ணாம்பால் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். நேரே அங்கே போய்த் தண்ணீரைப் பார்த்துத் திகைத்து நிற்காதே. நிமிர்ந்து சுவரைப் பார்.

லோந்தோங் என்னை நம்பி நீ கொடுத்துவிட்டுப் போன அமானிதம். பெரியம்மா மகன் கேட்டான், கஸ்மானும் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறான். கொடுத்தவன் கையில்தான் அமானிதத்தை ஒப்படைக்க வேண்டும், வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே நீ வந்து வாங்கிக்கொள். வெறும் வயிற்றோடு வந்தாலும் சரி.

அல்லாஹ் உன்னைக் கரை சேர்ப்பானாக.

உன் அப்பா,
வர்சிடி