குழாயின் அடிப்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனால், பலகையில் என் பெயருக்கு நேரே சிவப்பு மை.

வெல்டிங் தகுதித் தேர்வில் நான் தேறவில்லை. நான்! பத்தொன்பது வருடத்தில் ஒன்பது தேர்வு எழுதி, ஒன்பதிலும் தேறியவள். குழாயைச் சாய்த்து நிறுத்துவார்கள். அதைத் திருப்பக் கூடாது. நாம்தான் சுற்றி வந்து, குனிந்து, தவழ்ந்து இணைப்பை முடிக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். தூக்கத்தில் எழுப்பிச் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

ஃபோர்மேன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சர்டிபிகேட் இல்லாம பாய்லர் வேலைக்கு விட முடியாதுக்கா. ஒரு வாரம் டூல் ரூம்ல இருங்க. அடுத்த செவ்வாய் மறுபடி பண்ணிடலாம்."

வெல்டிங் ராடு ஈரமாக இருந்திருக்கும். வேறு என்ன?

மார்ச் 5, புதன்

கையுறை கொடுத்தேன். கையெழுத்து வாங்கினேன். கையுறை கொடுத்தேன்.

மார்ச் 13, வியாழன்

மறுபடியும் போச்சு.

நேரே எக்ஸ்ரே பார்க்கும் இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை. "பொம்பளைன்னா ஒரு கண்ணுல வெண்ணெய், இன்னொரு கண்ணுல சுண்ணாம்பா சார்?" என்று கேட்டேன். ராடைக் குற்றம் சொன்னேன். எக்ஸ்ரே மெஷினைக் குற்றம் சொன்னேன். அவர் டீயை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"உங்க பேரே எனக்குத் தெரியாதும்மா. ஃபிலிம்ல நம்பர் மட்டும்தான் இருக்கும். வாங்க, பாருங்க."

விளக்குப் பெட்டியின் மேல் இரண்டு ஃபிலிமையும் அருகருகே வைத்தார். தலைமயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடு. இரண்டிலும், குழாயின் அடிப்பக்கத்தில், ஒரே இடத்தில்.

"உள்ள உலோகம் ஒட்டவே இல்ல. மத்த இடமெல்லாம் அவ்வளவு சுத்தமா இருக்கு. அந்த இடத்துல மட்டும் உங்களுக்கு என்ன ஆகுது?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். நிஜமாகவே கேட்டார். "ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னும் ஒரு வாய்ப்புதான். அதுவும் ஒரு மாதம் கழித்து. அதிலும் போனால் இந்த வருடம் அவ்வளவுதான். ஃபோர்மேன் ஆறுதல் சொல்கிறாராம்: "டூல் ரூம் என்ன மோசமாக்கா? நிழல்ல உக்காந்து பாக்குற வேலை. இதுக்கு எத்தனை பேர் ஏங்குறாங்க தெரியுமா?"

"நான் ஏங்கல" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

என் நாத்தனார் மாடி அறையில் தையல் தைக்கிறாள். வாய்க்கும் கத்தரிக்கோல் உண்டு. கூடத்தில் நான் ஃபோனில் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது இறங்கி வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. எதிர் வீட்டுக்காரர் படிச்சுச் சொல்லிடுவார்."

மகள் சிரித்தாள். என் கணவரும் சிரித்தார். நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே போய் என்ன செய்தேன்? தலைவலி மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். கை நீளத்தில் எழுத்து தெரிகிறது. முகத்தருகே கொண்டு வந்தால் எறும்புக் கூட்டம்.

வெள்ளெழுத்து. நாற்பத்து நான்கு வயதில் எல்லோருக்கும் வருவதுதான். எனக்கு மட்டும் வராது என்று யார் சொன்னது? நான்தான் சொல்லிக்கொண்டேன்.

இப்போது கோர்த்துப் பார்க்கிறேன். குழாயின் மேல்பக்கம் வேலை செய்யும்போது தலையைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம், தெரியும். அடிப்பக்கம் போனால் தவழ்ந்து உள்ளே நுழைய வேண்டும், முகம் குழாயோடு ஒட்டிவிடும். அங்கே எனக்குத் தெரிந்தது வெறும் வெளிச்சம். கை பழக்கத்தில் ஓடியிருக்கிறது. நான் பார்க்கவே இல்லை.

ராடு நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார்: "எவ்வளவு தூரத்துல வெச்சுப் பாத்து வேலை செய்வீங்க?"

பத்தொன்பது வருடத்தில் அளந்ததில்லை.

"அளந்துட்டு வாங்கம்மா. பேப்பர் படிக்கிற பவர் உங்களுக்குச் சரிப்பட்டு வராது."

மார்ச் 19, புதன்

சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு குழாய் போகிறது. வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு அதற்கு அடியில் மல்லாந்து படுத்தேன். நாத்தனார் அளவு நாடாவோடு தரையில் உட்கார்ந்தாள்.

"மூக்குல இருந்தா, கண்ணுல இருந்தா?"

"கண்ணுல இருந்து. சட்டை தைக்கப் போறியா நீ?"

"அசையாதீங்க அண்ணி. முப்பத்திரண்டு சென்டிமீட்டர்."

அப்போதுதான் அவர் டூட்டி முடிந்து வந்தார். பஸ் ஓட்டுகிறவர், நடுரோட்டில் எதைப் பார்த்தாலும் நிதானமாக இருப்பவர். எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே போய்விட்டார்.

நாத்தனார் நாடாவைச் சுருட்டிக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "நானும் போன வருஷம் ஒரு கல்யாணச் சட்டையைப் பாழாக்கினேன் அண்ணி. அப்புறம்தான் கண்ணாடி போட்டேன்." இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

மார்ச் 24, திங்கள்

ஃபோர்மேனிடம் போனேன். சாப்பாட்டு நேரத்தில், கழித்துப் போட்ட குழாய்த் துண்டுகளில் பழகிக்கொள்கிறேன் என்றேன்.

"ராடு வேஸ்ட் ஆகும்க்கா."

"மத்தவங்க தூக்கிப் போடுற துண்டு ராடு போதும்."

"எதுக்குக்கா இந்த வயசுல..."

"வயசு கண்ணுக்குத்தான் ஆச்சு சார். கைக்கு ஆகல."

தலையைச் சொறிந்துகொண்டு மூலையில் ஓர் இடம் காட்டினார்.

ஏப்ரல் 2, புதன்

முதல் நான்கு குழாயும் குப்பை. அந்த அளவுக்குச் செய்து வாங்கிய கண்ணாடியைப் போட்டதும் எல்லாம் பெரிதாகத் தெரிந்து கை தடுமாறுகிறது. பழக்கத்தில் ஓடிய கையைப் பிடித்து இழுத்துக் கண்ணோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

இன்று ஐந்தாவது. ரம்பத்தால் அறுத்து உள்ளே பார்த்தேன். அடிப்பக்கம் அழகாக, சீராக ஒட்டியிருக்கிறது! ஆனால் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். அவர் குழம்பிவிட்டார். "தப்பு வந்ததுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"பழைய தப்பு இல்லங்க. இது புதுசு."

பழையது போய்விட்டது. அது புரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 4, வெள்ளி

காரணம் தெரிந்தது. அடியில் முக்கி மூச்சு விட்டுவிட்டு மேலே ஏறும்போது கண்ணாடியில் ஆவி படிகிறது. மூக்குக்கு மேல் துணியை இறுக்கிக் கட்டினேன். மூச்சு கீழே போகிறது. திருடன் மாதிரி இருக்கிறேன் என்று பட்டறையே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

பதினான்கு குழாய். கடைசி மூன்றில் குற்றம் சொல்ல எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

தேர்வு முடிந்தது. போனால் அடுத்த வருடம் வருவேன். அதற்கடுத்த வருடமும் வருவேன். டூல் ரூம் நாற்காலியில் இந்த உடம்பு நிலைக்காது.

ஏப்ரல் 17, வியாழன்

கோடு இல்லை. நானே போய் விளக்குப் பெட்டியில் பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று புதுக் கொதிகலனுக்குத் தண்ணீர்ச் சோதனை. உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றுவார்கள். எங்காவது வியர்க்கிறதா என்று எல்லோரும் டார்ச்சோடு தேடுவோம். மொத்தம் இருநூற்றுப் பத்து இணைப்பு, ஆறு பேர் செய்தது.

பதினொரு மணிக்கு மூன்றாவது வரிசையில் ஒரு சொட்டு. துடைத்தால் மறுபடி ஒரு சொட்டு. யாருடையது என்று பார்க்க ஃபோர்மேன் பட்டியலைப் புரட்டத் தொடங்கினார்.

"புரட்ட வேண்டாம் சார். என்னோடதுதான்."

"இருங்கக்கா, பாத்துச் சொல்றேன்."

"நான் போட்டது எனக்குத் தெரியாதா? தண்ணியை இறக்கச் சொல்லுங்க. கிரைண்டர் எங்க?"

கிரைண்டர் சக்கரத்தால் இணைப்பைத் தேய்த்துத் திறந்தேன். ஊசிமுனை அளவு துளை. ஏன் வந்தது என்றும் தெரிந்தது; கையின் பிடியை மாற்றுவதற்காக நடுவில் ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன். மறுபடி செய்தேன், நிறுத்தாமல்.

மூன்று மணிக்குத் திரும்ப அழுத்தம் ஏற்றினார்கள். அரை மணி நேரம் அழுத்த மீட்டரின் முள் அசையவில்லை. குழாய்க்கு அடியில் கையை வைத்துப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. பிறகு போய் மதியச் சாப்பாட்டைத் திறந்தேன்.