அடைப்புக்குறிக்குள் இருந்த பெயர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போகும் நூற்று நாற்பது அட்டைப்பெட்டிகளின் விலாசத்தைச் சரிபார்த்தேன். எல்லாம் ஒரே கிடங்குக்கு. பதினான்காம் தெரு, எண் 220. நான் ஒருநாளும் போகப்போகாத ஊர். ஆனால் அங்கே இறக்கிவிட்டால் யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிடுவேன். பதின்மூன்றைத் தாண்டினால் பதினான்கு. அவ்வளவுதான்.

யாரையும் கேட்காமல் என்பதுதான் எனக்குப் பிடித்தது. முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது 'ரைஸ்மில் வீதி'யைத் தேடி நாலு டீக்கடையில் நின்றேன். ரைஸ்மில் இடிந்து பத்து வருஷமாம். வழி சொன்ன ஒவ்வொருவரும் பதிலுக்கு என்னிடம் ஏதோ கேட்டார்கள். எந்த ஊர், யார் வீட்டுக்கு, கூட யாரும் வரவில்லையா. எண் அப்படியெல்லாம் கேட்காது.

ஜூன் 8, ஞாயிறு

மாவுமில் முன்னால் எங்கள் நகர்ச் சங்கத்தின் கூட்டம். நெருப்பெரிச்சல் ஊருக்குப் பின்னால் இந்த இடம் முழுக்க ஒருகாலத்தில் பழனிமுத்து ஐயாவின் தோட்டம். சைட் போட்டு விற்றவர் அவர்; சங்கத் தலைவரும் அவரே. செயலாளர் என் அண்ணன். மாநகராட்சி வீதிகளின் பட்டியல் கேட்டிருக்கிறது. ஏழு வீதிக்கும் எண் போட்டுவிடலாம் என்றார் ஐயா.

மூன்றாவது வீட்டு மருதம்மாள் அக்கா எழுந்தார். "ஏனுங்க, நம்பர் போட்டா ஜெயில் ரூமாட்ட இருக்குமுங்களே. எம்பட மாமியாளுக்கு எண்ணவே தெரியாது, அது எப்படி ஊடு வந்து சேரும்?"

"சேரலைன்னா உனக்கு நல்லதுதானே அம்மிணி" என்றது ஒரு குரல். சிரிப்பு.

எனக்கு எண் பிடிக்கும். ஆனால் எங்கள் வீதியின் பெயர் சின்னத்தாய் வீதி. சின்னத்தாய் என் அம்மா.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். தண்ணீர் லாரி எங்கள் வீதிக்குள் திரும்பாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் லாரி முன்னால் குடத்தைக் கவிழ்த்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரம். அன்றிலிருந்து லாரி உள்ளே வந்தது. டிரைவர்தான் முதலில் அப்படிச் சொல்ல ஆரம்பித்தார்: "சின்னத்தாய் வீதிக்குப் போயிட்டு வர்றேன்." யாரும் கூட்டம் போட்டு வைத்த பெயர் இல்லை. அவள் போய் மூன்று வருஷமாகிறது.

எழுந்து பேசினேன். எண் இருக்கட்டும், கீழே அடைப்புக்குறிக்குள் பழைய பெயரும் இருக்கட்டும் என்றேன். வெளியாளுக்கு எண், நமக்குப் பெயர். ஐயா "செரிதானுங்களே" என்றார். கடிதத்தை நான் எழுதுவதென்று முடிவு.

ஜூன் 9, திங்கள்

கடிதம் முடிந்தது. 5வது வீதி (சின்னத்தாய் வீதி). அண்ணன் வாசித்துவிட்டு, "நல்லா எழுதிருக்கடி" என்றான்.

ஜூலை 12, சனி

பலகைகள் வந்துவிட்டன. நீல நிறம், வெள்ளை எழுத்து. கம்பெனியிலிருந்து வண்டியை உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்து வந்தேன். 1வது வீதி (கிணற்று வீதி). 2வது வீதி (ரங்காத்தாள் வீதி). 4வது வீதி (மாவுமில் வீதி).

5வது வீதி.

கீழே ஒன்றுமில்லை. அடைப்புக்குறிகூட இல்லை.

அண்ணனைக் கேட்டேன். "ஆளு பேரெல்லாம் போடக்கூடாதுன்னு வெட்டிட்டாய்ங்களாம்" என்றான். அப்படியென்றால் ரங்காத்தாள்? "அது ஐயாவோட அம்மா. நெலம் அவங்களுது. நம்ம என்ன, பொழைக்க வந்த ஆளுக." அவன் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

நிலம் இருந்தால் அம்மா பெயர் நிற்கும். வாடகைக்கு வந்தவளின் பெயர் நிற்காது. இதற்குத்தான் ஐயா அன்று அவ்வளவு மரியாதையாகத் தலையாட்டினாரா?

ஜூலை 20, ஞாயிறு

எட்டு நாள் மனதுக்குள் அவரைத் திட்டிவிட்டு இன்று நேரில் போனேன். ஐயா மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தார். கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"நான் எதுக்குக் கண்ணு வெட்டப்போறேன்? உங்கொம்மா லாரியை மறிச்சப்ப எங்கூட்டுக்கும் சேத்தித்தான் தண்ணி வந்துச்சு. பலகைல எடமெல்லாம் இருந்துச்சு. உங்கண்ணந்தான் வேண்டாமுன்னு எழுதிக் குடுத்தாப்ல. உனக்குத் தெரியாதா?"

பீரோவிலிருந்து கடிதத்தின் கலர் நகலை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. அடைப்புக்குறிக்குள் இருந்த அம்மா பெயரின்மேல் நேராக ஒரு நீலக் கோடு, அடிமட்டம் வைத்துப் போட்டது. கோட்டின் ஓரத்தில் 'அருண்பாண்டி, செயலாளர்'. அதற்குக் கீழே, அடித்தது சம்மதமே என்று அந்த வீதிக் குடும்பத்தலைவர் ஒருவரின் கையெழுத்து.

வீரணன். அப்பா.

அப்பாவுக்கு எழுதத் தெரிந்தது அந்த நாலெழுத்து மட்டும்தான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதப் பழக்கிவிட்டவள் அம்மா.

அதே நாள்

என்ன சொல்லி வாங்கினான் அப்பாவிடம்? படித்துக் காட்டினானா? அப்பா தெரிந்தே போட்டாரா?

நல்லா எழுதிருக்கடின்னு சொன்னானே. சொல்லிட்டு அடிமட்டம் எடுத்திருக்கான். கோணாம இருக்கணும்னு அடிமட்டம்.

நான் எட்டு நாளா அந்தப் பெரியவரைத் திட்டிக்கிட்டிருந்தேன். அவன் பக்கத்துல உக்காந்து சோறு தின்னான்.

ஜூலை 21, திங்கள்

அப்பாவிடம் கேட்டேன். "அருணு போடச் சொன்னான், போட்டேன் தாயி" என்றார். எதில் என்று தெரியுமா? "தெரியும்" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

அண்ணனின் பவர்டேபிளுக்குப் போனேன். எட்டுத் தையல் மெஷின், ஞாயிறு என்பதால் ஆள் இல்லை. மறுப்பான் என்று நினைத்தேன். அவன் மறுக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல எனக்கு என்ன பேரு தெரியுமா? லாரிக்காரி மகன். பத்தாவது முடிக்கிற வரைக்கும் அதான். நீ சின்னப்பிள்ள, உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான்.

"போன மாசம் நானும் அப்பாவும் அவிநாசில பொண்ணு பேசப் போனோம்ல. அட்ரஸ் கேட்டாய்ங்க, சொன்னேன். அந்தப் பொண்ணோட சித்தப்பா என்ன கேட்டான்? 'நடுரோட்டுல உக்காந்துச்சே, அந்தம்மா வீடா'ன்னு. எல்லாரும் சிரிச்சாய்ங்க ஆஷா. அப்பாவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. பேரச் சொன்னா எந்த ஊரு, என்ன ஆளுன்னு நோண்டுவாய்ங்க. நம்பரச் சொல்லு, எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

கடைசி வாக்கியம் என்னுடையது. இந்த நோட்டிலேயே, ஜூன் மாதத்தில், ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அவனுக்கு வலித்திருக்கும். நம்புகிறேன். ஆனால் அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே. அவள் எனக்கும் அம்மா இல்லையா? "எனக்குத் தெரியாம ஏன் செஞ்ச?" என்று கேட்டேன். "சொன்னா நீ ஒத்துக்க மாட்ட" என்றான்.

ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று தெரிந்துதான் செய்திருக்கிறான். இனி அவனோடு பேசுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெண் வீட்டார் வந்தார்கள்; அவிநாசிக்காரர்கள் அல்ல, வேறு இடம். வழி கேட்டு ஒரு அழைப்புகூட வரவில்லை. பலகைகளை எண்ணிக்கொண்டே நேராக வாசலுக்கு வந்து இறங்கினார்கள். கார் ஓட்டிவந்தவர் அதைப் பாராட்டவும் செய்தார்.

பெண்ணின் அம்மா சுவரிலிருந்த படத்தைப் பார்த்து, "அவங்க எங்க வேலை பாத்தாங்க?" என்று கேட்டார்.

"வீட்லதான் இருந்தாங்க" என்றான் அண்ணன்.

இருபத்திரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றதில் அம்மாவின் கால் நரம்புகள் எப்படி முடிச்சிட்டுக் கிடந்தன என்று அவனுக்குத் தெரியும். தைலம் தேய்த்துவிட்டவன் அவன்தான். நான் காபித் தட்டோடு நின்றேன். அப்பா சர்க்கரை போதுமா என்று அவர்களைக் கேட்டார்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஆகஸ்ட் 11, திங்கள்

கல்யாணம் தையில்.

செப்டம்பர் 4, வியாழன்

ஆபீசில் புதிதாகச் சேர்ந்த தேஜஸ்ரீ, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து என்னிடமிருந்து இரண்டு புத்தகங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு அவளைப் பிடிக்கும். வாசிக்கிற பெண்.

"அக்கா, உங்கூடு எங்கீங்?"

"அஞ்சாவது வீதி."

"அதுக்குப் பேரு ஏதாச்சும் இருக்குதுங்களா? எங்கப்பாதான் வண்டில கொண்டாந்து உடுவாங்க. நம்பர் சொன்னா அவருக்குப் புடிபடாது, பேரு சொன்னாத்தான்."

சொல்லியிருக்கலாம். சொன்னால், யாரது என்பாள். அம்மா என்று சொல்ல வேண்டும். ஏன் அவங்க பேரு என்பாள். லாரி, குடம், இரண்டு மணி நேரம். அப்புறம், நீங்க எந்த ஊருங்க்கா. பில்லிங் பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஷிப்மென்ட் நாள் வேறு.

"இல்லப்பா" என்றேன். "வெறும் அஞ்சுதான்."

அவள் சரியென்று செல்போனில் குறித்துக்கொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு லேசாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தான், தானே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு. குழம்பை எடுத்துப்போய் ஊற்றினேன். போதுமா என்று கேட்டேன். முப்பத்தொன்பது நாளில் அவனிடம் நான் பேசிய முதல் சொல். அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் பார்க்கவில்லை.