ஃபோம் லைனில் ஆனந்த்

டாக்குரியா
வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

விசாலத்தின் நமஸ்காரம். மும்பையில் நீயும் மன்னியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நான் பேச ஆரம்பித்ததுமே மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இவர் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. பதின்மூன்று நாளும் நீ கூடவே நின்று எல்லாம் செய்தாய். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

பதினாறு வருஷம் இவர் ஃபாக்டரியில் என்ன செய்தார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மெத்தைக்கு ஃபோம் செய்கிறார்கள், அவ்வளவுதான். இப்போது தெரியும். பாலியால் என்று எண்ணெய் மாதிரி ஒன்று, டைஐசோசயனேட் என்று இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததும் சூடாகிப் பொங்கி, சில நிமிஷத்தில் ரொட்டி போல எழும்பி நின்றுவிடுமாம். அந்த ஆவியை வெளியே இழுக்கத்தான் பெரிய விசிறிகள். போன வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால் அதில் இரண்டு நின்றுபோயின. அப்போது நீதான் இங்கே மேனேஜர். மெத்தை ஆர்டர் குவிந்திருக்கிறது, லைனை நிறுத்த முடியாது என்றாய்.

அதற்குப் பிறகுதான் இவருக்கு இழுப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பார். திங்கள் சாயங்காலம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவார். உன்னிடம் கேட்டேன். ஃபாக்டரி டாக்டர் வெறும் சளி என்று சொன்னதாகச் சொன்னாய்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவர் எழுதியதன் நகலை, சேஃப்டி பிரிவில் இருந்த மேக்னா எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் உடம்புக்கு அந்த ரசாயனம் ஒவ்வாமல் போய்விட்டது, இனி துளி ஆவிகூட ஆபத்து, உடனே லைனிலிருந்து மாற்றுங்கள் என்று எழுதியிருக்கிறார். ஓரத்தில் உன் கையெழுத்தில், 'பூஜைக்குப் பிறகு பார்க்கலாம்.' பூஜை ஆரம்பிக்கும் சஷ்டியன்று லைனிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. மேக்னாவுக்கு இப்போது வேலை இல்லை.

இவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு என்று ஒரு காகிதம் கொண்டுவந்தாய். ஆபீஸ் ஃபைல் நகர வேண்டும், கையெழுத்துப் போடு என்றாய். போட்டேன். அண்ணா நீட்டும் காகிதத்தைப் படித்துப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. நகலைப் பார்த்த பிறகுதான் லேபர் ஆபீசில் மனு கொடுத்தேன்.

மனு கொடுத்த மறுவாரம் என் பிள்ளை ஆனந்தை ஸ்டோரிலிருந்து ஃபோம் லைனுக்கு மாற்றினார்கள். மும்பை ஹெட் ஆபீசிலிருந்து உத்தரவு வந்ததாம். உனக்குப் போன் செய்தேன். "வேலை கத்துக்கட்டும், விசாலம். அவன் அப்பா நின்ன இடம்தானே" என்றாய். உன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அவனோ, மாமா தன்னை முன்னுக்குக் கொண்டுவருகிறார் என்று சந்தோஷமாக இருக்கிறான். வேண்டாம் என்றால், "மாமாவைப் பத்தி இப்படிப் பேசாதேம்மா" என்கிறான். மூன்று வாரமாக இருமுகிறான். குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு, எனக்குக் கேட்காமல் இருமுகிறான்.

நேற்று லேபர் ஆபீசுக்குப் போய் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். யாராவது மிரட்டினார்களா என்று அங்கே இருந்தவர் இரண்டு தரம் கேட்டார். இல்லை என்றேன். அவர் கொடுத்த ரசீதும் டாக்டர் எழுதியதன் நகலும் இந்த உறையிலேயே இருக்கின்றன. என்னிடம் வேறு நகல் இல்லை. இன்னும் ஏதாவது கையெழுத்து வேண்டுமானால் அனுப்பு, போட்டுத் தருகிறேன்.

ஆனந்தை ஆபீசில் எங்காவது உட்கார வை. நீ ஒரு போன் செய்தால் போதும். நான் எழுதினேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம். மாமாவே பார்த்துச் செய்தார் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும்.

இன்று காளிகாட் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். நூறு வயது நீ நன்றாக இருக்க வேண்டும், அண்ணா. திங்கட்கிழமை அவனுக்குக் காலை ஷிஃப்ட்.

உன் தங்கை,
விசாலம்