விழுகிறவளின் தாய்

17 ஏப்ரல் 2007, செவ்வாய் – மோர்டென்ஸ்ருட், நோர்வே

வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, தங்கேஸ்வரி மச்சாளின் போன். இவருடைய அக்கா. நல்ல செய்தி என்றால் ஆறுதலாகச் சொல்லுவா, கெட்டதென்றால் சுடச்சுட.

"சாருகா யப்பானிலை மொழி படிக்கத்தானே போனவள்?"

"ஓம்."

"அப்ப இன்ரநெற்றிலை வெட்டுப்பட்டு விழுகிறது ஆர்?"

மகன் அபிசனின் கணினியில் பார்த்தேன். என் மகள்தான். கியோட்டோவில் ஏதோ பூங்காவாம், அந்தக் காலத்துச் சண்டைகளை நடித்துக் காட்டுகிறார்களாம். ஒரு தடியன் வாளை வீச, இவள் படிகளில் உருண்டு வந்து கீழே கிடக்கிறாள். சனம் கைதட்டுகிறது. அவனுக்கு.

போன் எடுத்தேன். "அது மூங்கில் வாள் அம்மா. வகுப்பு முடிய ஸ்டண்ட் பழகப் போறனான். இப்ப என்னையும் காட்சியிலை சேர்த்திட்டினம்."

"ஃபிசியோதெரபிப் படிப்பிலையிருந்து ஒரு வருசம்தான் லீவு தந்திருக்கினம். ஓகஸ்ற்றிலை நீ இஞ்சை நிக்கோணும்."

"யோசிக்கிறன்."

யோசிக்கிறாளாம். அடி உதை வேண்டாம் என்றுதான் நாங்கள் நாட்டை விட்டு ஓடிவந்தோம். இஞ்சை பிறந்தவள் அடி வாங்கிறதை ஒரு வேலையெண்டு தேடிப் போயிருக்கிறாள். ஆரிட்டைச் சொல்லி அழ?

20 ஏப்ரல், வெள்ளி

ரிக்கெற் எடுத்தாயிற்று. போக ஒன்று, வர இரண்டு.

9 மே, புதன் – கியோட்டோ

அவளுடைய அறை எங்கள் குளியலறையை விடக் கொஞ்சம் பெரிது. கடைக்காரனுக்குத் தலை குனிகிறாள், பஸ் சாரதிக்குக் குனிகிறாள். வீட்டில் குனிந்து ஒரு கோப்பை எடுக்காத பிள்ளை.

உடுப்பு மாற்றும்போது கண்டேன். இடுப்பில் ஒரு நீலம், முழங்காலில் ஒன்று, பழசாகி மஞ்சளானது தோளில். "நோகேல்லை அம்மா" என்கிறாள். எனக்கு நோகிறது. பெற்றவளைக் கேட்காமல் இந்த உடம்பை யார் உருட்டச் சொன்னது?

வரச் சொல்லிக் கேட்டேன். நாளை ஒத்திகையைப் பாருங்கள், பிறகு கதைப்போம் என்றாள்.

10 மே, வியாழன்

இன்று நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். கோபமா வெட்கமா தெரியவில்லை.

பெரிய மண்டபம், தரையில் மெல்லிய பாய் விரிப்பு. பயிற்றுநர் மொரிதா என்ற நரைத்த மனிதர் ஒரு மூலையில் நின்று கையைத் தட்டுவார், சண்டை தொடங்கும். கதாநாயகன் சாருகாவை வெட்டுவான், அவள் மேடையிலிருந்து சரிந்து படியில் உருண்டு வருவாள். திரும்பவும் முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் அவன் வந்து குனிந்து ஏதோ கேட்கிறான், அவள் சிரிக்கிறாள். கொன்றுபோட்டுக் கும்பிட்டால் சரியாகிவிடுமா?

ஒருமுறை விழுந்தவள் எழும்பவில்லை. மற்றவர்கள் அவளைச் சுற்றியே சண்டை பிடிக்கிறார்கள், ஒருவன் அவளைத் தாண்டிப் பாய்கிறான். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. நான் எப்போது எழும்பினேன் என்று தெரியாது. பாயின் நடுவில் சப்பாத்தோடு இருந்து அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை எழும்பு, எழும்பு...

கண்ணைத் திறந்து மெதுவாகச் சொன்னாள். "அம்மா, செத்த ஆள் சீன் முடியும்வரைக்கும் எழும்பக் கூடாது."

மண்டபம் முழுக்க நின்று பார்க்கிறது.

ஊரில் என் தம்பி செத்து ஒழுங்கை முகப்பில் கிடந்த அன்று என்னை வெளியே போகவிடாமல் வீட்டுக்குள் பிடித்து வைத்தார்கள். யன்னலால் பார்த்தேன். இன்று என்னைப் பிடிக்க ஒருவரும் இருக்கவில்லை. அவ்வளவுதான். இதை யாருக்கு, எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

11 மே, வெள்ளி

பகல் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பின்னேரம் வந்து கதவோடு நின்றபடியே சொன்னாள்.

"மொரிதா என்னை நிப்பாட்டிப் போட்டார். வீட்டிலை சம்மதமில்லாத ஆளை விழ விடேலாதாம். மனம் வேறை எங்கையும் நிண்டால் கழுத்து முறியுமாம்." பிறகு, "சந்தோசந்தானே உங்களுக்கு?"

சந்தோசப்பட வேண்டும். வந்த காரியம் தானாகவே முடிந்துவிட்டது. இரண்டு ரிக்கெற்றும் கைப்பையில் இருக்கின்றன. ஆனால் என்ன துணிவு அந்த மனுசனுக்கு! என்ரை பிள்ளையை நிப்பாட்ட அவர் ஆர்? அந்தக் கூட்டத்தில் இவளைப் போல விழ யாரால் முடியும்? நேற்று நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். கூட விழுந்த மற்றப் பெட்டை விழமுதலே கையை ஊன்றினாள், என் மகள் ஊன்றவில்லை. அவளை வைத்துக்கொண்டு இவளை அனுப்புவார்களாம்.

சாருகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நித்திரை இல்லை, தெரியும். நான் எதற்கு இங்கே வந்தேன்?

12 மே, சனி

மொரிதாவிடம் போனேன். சாருகா வரமாட்டேன் என்றாள். "அப்ப நான் தனியப் போய்த் தமிழிலை கதைக்கிறன்" என்றேன், வந்தாள்.

"பிழை விட்டது நான். பிள்ளையை ஏன் தண்டிக்கிறியள்?" சாருகா முகம் சிவக்க மொழிபெயர்த்தாள். அவர் மூலையிலிருந்த ஒரு கதிரையைக் காட்டினார். பிறகு சொன்னது இதுதான்: திங்கட்கிழமை நான் வந்து ஒத்திகை முழுவதும் எழும்பாமல் இருந்து பார்த்தால், அவள் திரும்ப வரலாம்.

எனக்குப் பரீட்சை! ஐம்பது வயதில், ஊர் பேர் தெரியாத ஒரு மனுசன். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சாருகா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

14 மே, திங்கள்

இருந்தேன்.

கதிரையின் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். விழுந்தாள். திரும்ப விழுந்தாள். இன்னுமொரு தரம் என்று மொரிதா கை தட்டினார். எனக்காகவே செய்தார், நாசமாய்ப் போக. கடைசி முறை என் பக்கம் முகம் வைத்துக் கிடந்தாள். அன்று தம்பியின் முகம் மற்றப் பக்கம் திரும்பி இருந்தது. இவளுடைய வயிறு ஏறி இறங்குகிறதா, அதை மட்டும் பார்த்தேன். ஏறி இறங்கியது.

முடிந்ததும் ஓடி வந்தாள். "அம்மா, நீங்கள் எழும்பேல்லை."

"கால் விறைச்சுப்போச்சு, அதுதான்" என்றேன்.

17 மே, வியாழன் – மோர்டென்ஸ்ருட்

நேற்று வந்து சேர்ந்தேன். விமானத்தில் பக்கத்து இருக்கையில் என் கைப்பை வந்தது.

இன்று இங்கே தேசிய நாள், பிள்ளைகளின் கொடி ஊர்வலம். பாண்ட் வாத்தியத்துக்கு நடுவில் தங்கேஸ்வரி மச்சாள் பிடித்துக்கொண்டா. "எங்கை பிள்ளை? கூட்டிக்கொண்டு வாறனெண்டெல்லோ போனனீர்?"

"அவளுக்கு அங்கை வேலை இருக்கு."

"அடி வாங்கிறது ஒரு வேலையே?"

"மச்சாள், அடி வாங்கிற மாதிரி விழுந்து, அடி வாங்காமல் எழும்பிற வேலை. உங்கடை மகனை எங்கடை வீட்டுப் படியிலை ஒருக்கால் உருண்டு காட்டச் சொல்லுங்கோ பாப்பம்."

இவர் என் கையைப் பிடித்து அப்பால் கூட்டிப் போனார். வழியில் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. எனக்கு இன்னும் அவள் மேல் கோபந்தான். அதற்காகக் கண்ட ஆக்களும் கதைக்கலாமோ?

19 ஓகஸ்ற், ஞாயிறு

நாளை ஃபிசியோ வகுப்புத் தொடங்குகிறது. சாருகாவின் அறையை அபிசனுக்குக் கொடுத்தோம்.

23 செப்ரெம்பர், ஞாயிறு

சாருகாவின் போன். குரலில் ஒரு துள்ளல். இன்றுதான் முதன்முதலாக வெட்டுகிற பாத்திரம் கொடுத்தார்களாம். சனம் எழும்பி நின்று கைதட்டியதாம்.

"நல்லது" என்றேன். பிறகு கேட்டேன், "வெட்டுப்பட்டது ஆர்?"

"புதுசா வந்த ஒரு பெட்டை. ஏன் அம்மா?"

"தாய் தேப்பன் பாக்க வந்தவையோ?"

"தாய் வந்தவ. முன்னுக்கு இருந்தவ. ஒருக்காலும் கை தட்டேல்லை."

"நீ அவவோடை கதைச்சனியோ?"

"இல்லை. என்னெண்டு கதைக்கிறது?"

"போய்ச் சொல்லு," என்றேன், "உங்கடை பிள்ளை நல்லா விழுந்தவள் எண்டு."