லோடை யார் கட்டுவார்கள்?

மார்ச் 8, 1999, திங்கள்

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. போட்டோவில் என் முகம் சைக்கிள் திருடிப் பிடிபட்டவன் முகம் மாதிரி இருக்கிறது. போகட்டும்.

ஒன்பது வருஷம் ரிச்சர்ட்ஸ் டவுன் பேக்கரிக்கு பிரெட் வேன் ஓட்டியாயிற்று. முதலாளி கடையை மூடுகிறார், இந்த மாதம்தான் கடைசி. எனக்கு இனி டிரெய்லர் ஓட்ட வேண்டும். பக்கத் தடுப்பு எதுவும் இல்லாத நீளமான வண்டி. இரும்புத் தகட்டுச் சுருள், மெஷின், குழாய் எல்லாவற்றையும் சங்கிலியால் கட்டித் திறந்த வெளியில் கொண்டுபோவது. ஏன் அதுதான் என்றால், ஆசை, அவ்வளவுதான்.

என் மனைவி பியாட்ரிஸ் லைசென்சை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், அரிசி களையப் போய்விட்டாள். அவளுடைய அண்ணன் ஆரோக்கியமும் டிரெய்லர் டிரைவர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் தும்கூர் ரோட்டில் பிரேக் போட்டபோது, பின்னாலிருந்த சுருள் நகர்ந்து கேபினை நசுக்கிவிட்டது. அங்கேயே போய்விட்டார். இவள் 'போகாதீர்கள்' என்று சொல்லமாட்டாள். சொன்னாலாவது சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 12, வெள்ளி

பீன்யாவில் இரண்டு கம்பெனி பார்த்தேன்.

முதலாவது பெரியது. மேனேஜர் சேஷகிரி எழுந்து நின்று கை கொடுத்தார். புது வண்டிகள், பவர் ஸ்டியரிங், யூனிஃபார்ம். "ஒண்ணாம் தேதியே வண்டி எடுத்துக்கலாம் மிஸ்டர் சேவியர்" என்றார். மிஸ்டர்! பேக்கரியில் ஒன்பது வருஷமும் நான் 'ஏய் வேன்'தான்.

இரண்டாவது கிருஷ்ணப்பா என்பவருடையது. நாலே வண்டி, நாலும் பழசு. மனிதர் டயர் மேல் உட்கார்ந்து கடலைக்காய் தின்றுகொண்டிருந்தார். "டிரெய்லர் ஓட்டியிருக்கியாப்பா? இல்லையா? அப்போ ஆறு மாசம் பக்கத்து சீட்டு. நம்ம முனியப்பன்கூட போ. அப்புறம் நோடோணா." பார்க்கலாமாம். அந்த முனியப்பனையும் பார்த்தேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். அவனுக்கு நான் செகண்ட் டிரைவரா? என்னை யாரென்று நினைத்தார்?

மார்ச் 13, சனி

சேஷகிரி கம்பெனிதான் என்று முடிவு செய்து, தெரு முழுக்கச் சொல்லியும்விட்டேன். எங்கள் நீலசந்திராவில் ஒருவரிடம் சொன்னாலே தெரு முழுக்கச் சொன்ன மாதிரிதான். நான் நாலு பேரிடம் சொன்னேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது பியாட்ரிஸ் ஒன்றே ஒன்று கேட்டாள். "அங்க லோடை யார் கட்டுவாங்க?"

தெரியவில்லை. லீவு கேட்டேன், பேட்டா கேட்டேன், யூனிஃபார்ம் என்ன கலர் என்றுகூடக் கேட்டேன். இதைக் கேட்கவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், "எல்லாம் உனக்குத் தெரியுமா?" என்று கத்தினேன். அவள் ரசம் ஊற்றினாள்.

மார்ச் 15, திங்கள்

கேட்டுவிட்டேன். சேஷகிரி சிரித்தார். "அதுக்கெல்லாம் தனியா ஆள் இருக்காங்க. நீங்க வந்து உக்காந்து ஓட்டினா போதும்." ராஜ மரியாதை என்று நினைத்துக்கொண்டு வீட்டில் வந்து சொன்னேன்.

"எங்க அண்ணனுக்கும் அப்படித்தான்" என்றாள். "கட்டி முடிச்சிட்டுத்தான் கூப்பிடுவாங்களாம். என்ன கட்டியிருக்கு, எப்படிக் கட்டியிருக்குன்னு அவருக்குத் தெரியவே தெரியாது."

நாலு வருஷத்தில் அண்ணனைப் பற்றி அவள் இவ்வளவு பேசியதில்லை. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மார்ச் 21, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து நெலமங்களா போனேன். பீன்யாவில் லோடு ஏற்றும் டிரெய்லர்கள் அங்கே ஒரு டீக்கடையில் நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதுவரை குலுங்கி வந்ததில் லோடு கொஞ்சம் படிந்து சங்கிலி தளர்ந்திருக்குமாம், பார்த்து இறுக்க வேண்டுமாம். முதலாளிகளைக் கேட்டது போதும், வண்டிகளைப் பார்ப்போம் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சேஷகிரி கம்பெனி வண்டிகள் மூன்று வந்தன. புதுப் பெண் மாதிரி பளபளப்பு. டிரைவர்கள் இறங்கினார்கள், டீ குடித்தார்கள், கிளம்பினார்கள். ஒருவரும் பின்பக்கம் திரும்பவில்லை. பொறுக்காமல் ஒருவரிடம், "செயின் பாக்கலையாண்ணா?" என்று கேட்டேன்.

"பாத்து என்ன பண்றது? இறுக்கற லீவரை எங்ககிட்ட குடுக்கமாட்டாங்க, தொலைச்சிடுவோமாம். கம்பெனியிலயே பூட்டி வெச்சிருக்காங்க." பாவம், நல்ல மனிதர். டீக்குக் காசு கொடுத்துவிட்டு ஏறிப் போனார். அவர் முதுகுக்குப் பின்னால் யானை அளவு சுருள் ஒன்று போனது. 

ரொம்ப நேரம் கழித்து கிருஷ்ணப்பாவின் ஓட்டை வண்டி வந்தது. முனியப்பன் டீக்கடைப் பக்கமே பார்க்கவில்லை. இரும்புக் கம்பியால் ஒவ்வொரு சங்கிலியாகத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றினான். சுருளுக்கு அண்டக் கொடுத்த கட்டைகளை உதைத்துப் பார்த்தான். ஒரு சங்கிலியில் நின்று, லீவரில் பைப்பை மாட்டினான். என்னைப் பார்த்துவிட்டான்.

"என்ன குரு, வேடிக்கையா? சும்மாத்தானே இருக்கீங்க, வந்து இதைப் பிடிங்க."

பிடித்தேன். இரண்டு பேரும் பைப்பில் தொங்கினோம். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸ்.

மார்ச் 22, திங்கள்

பக்கத்து சீட்டுக்கு ஒப்புக்கொண்டேன். கிருஷ்ணப்பா கடலைக்காயை நீட்டினார். தெருவில் என்ன சொல்வது? பியாட்ரிஸிடம் சொன்னேன். 'சரி' என்றாள். சந்தோஷமா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 9, வெள்ளி

முனியப்பன் ஹூப்ளி வரை பாடிக்கொண்டே வருகிறான். பாட வராது.

மே 18, செவ்வாய்

லோடு இறக்கும் ஊர் போய்ச் சேர்ந்ததும் எங்கள் வீட்டு எதிரில் இருக்கும் ஜெயலட்சுமி அக்காவின் டெலிபோன் பூத்துக்குப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மணி அடித்ததும் பியாட்ரிஸ்தான் எடுக்கிறாள். 'வந்துட்டேன்' என்பேன். 'சரி' என்பாள். வைத்துவிடுவாள். இதற்குத்தான் இவ்வளவா என்று நினைத்தேன்.

இன்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ போய்ச் சேர்ற அன்னிக்கெல்லாம் காலையில பல்லு விளக்கினதும் இங்க வந்து ஸ்டூல்ல உக்காந்துடறா சேவியர். போன் வந்தாத்தான் எழுந்திருக்கறா. அவ வேலை பாக்கற கார்மெண்ட்ஸ்ல, லேட்டா வர்றதுக்கு சூப்பர்வைசர் திட்டறானாம்."

அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டிரெய்லர் ஆசை எனக்கு, ஸ்டூல் அவளுக்கு.

ஜூன் 24, வியாழன்

சித்ரதுர்கா தாண்டி ஒரு பஸ் திடீரென்று குறுக்கே திரும்பியது. நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். முழு பிரேக். கண்ணை மூடிவிட்டேன் — டிரைவர் கண்ணை மூடலாமா? பின்னால் சங்கிலிகள் ஒரு தடவை முனகின. அப்புறம் சத்தமில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். சுருள் ஏற்றி வைத்த இடத்திலேயே இருந்தது. முனியப்பன் பாட்டை நிறுத்தியிருந்தான். இரண்டு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டோம்.

வீட்டில் சொல்லலாமா வேண்டாமா?

ஜூன் 26, சனி

சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துத் தெரிந்தால் இன்னும் மோசம். பியாட்ரிஸ் முழுக்கக் கேட்டாள். "அது நகரவே இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அழுதாள் என்று நினைக்கிறேன். குழாய்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

செப்டம்பர் 29, புதன்

தனியாக முதல் டிரிப். நெலமங்களாவில் மூன்றாவது சங்கிலி தளர்ந்திருந்தது. ஒருவனாக இறுக்கினேன். டீ ஆறிப்போயிற்று.

நவம்பர் 25, வியாழன்

காலை ஒன்பதரைக்கு ஹூப்ளி. இறங்கியதும் பூத்துக்குப் பேசினேன். ஜெயலட்சுமி அக்கா எடுத்தார்.

"பியாட்ரிஸா? அவ எட்டு மணி பஸ்ஸுக்கே வேலைக்குப் போயிட்டாளே! 'போன் வருமேடி'ன்னு கேட்டேன். 'வரும்க்கா, நீங்களே எடுத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டு ஓடறா."

வந்துவிட்டேன் என்று சொல்ல ஆளில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரவெல்லாம் ஓட்டி வந்திருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அப்புறம்தான் உறைத்தது: 'வரும்' என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்காராமலே போயிருக்கிறாள்.

அக்கா அந்தப் பக்கத்திலிருந்து, "ஹலோ, ஹலோ, என்னப்பா, ஏதாவது சொல்லணுமா அவகிட்ட?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.